நிறுத்தக் கூடாத விசிறி

நாள் 151. காலை 6.10
பி.எச். 3.9. அறுந்த கம்பி 6, மீதி 4. அறைக் காற்றில் ஆக்சிஜன் 20.7 சதவீதம்.

பழைய நோட்டு தீர்ந்தது. புது நோட்டின் முதல் பக்கத்தில், இதைக் கண்டெடுப்பவருக்குப் புரியும்படி அறிமுகம் எழுத வேண்டும் என்பது விதி. விதியைப் போட்டவளும் நானே, ஆகவே முணுமுணுக்காமல் எழுதுகிறேன்.

சூ. மார்த்தாள், வயது ஐம்பத்தொன்று, நுண்ணுயிரியல். இருப்பது செவ்வரை மலைக்குள், கைவிடப்பட்ட செம்புச் சுரங்கத்தின் நான்காம் தளம். நிர்வாகம் கிளம்பிப் போய் முப்பது வருடம் ஆகிறது. பம்புகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள், கந்தகம் கலந்த இரும்புக் கல்லை எங்களுக்கு விட்டுப் போனார்கள். அந்தக் கல்லில் காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலம் ஊறும். ஊற வைப்பது ஒருவகை நுண்ணுயிர். காற்றைக் குடிக்கும், இரும்பைத் துருவாக்கும், தண்ணீரைக் கெடுக்கும். அவற்றுக்கு நான் வைத்திருக்கும் பெயர் பங்காளிகள்.

எங்கள் ஆட்கள் அதற்கு நேரெதிர். காற்றே இல்லாத இடத்தில் துருவையே மூச்சாக இழுத்து அமிலத்தைத் தீர்ப்பவை. ஆய்வுக்கூடத்தில் பதினான்கு முறை தோற்று, பதினைந்தாவது முறை பிழைத்த வளர்ப்பு. இவற்றுக்கு மூச்சடக்கிகள் என்று பெயர். சாப்பாடு, கஞ்சியும் கரும்பாலைப் பாகும்.

மலைக்குள் நிற்கும் தண்ணீர் முழுவதையும் ஊருக்குள் வராமல் தடுப்பது ஒரே ஒரு கான்கிரீட் சுவர். ஆறாம் தளத்தின் வடிகால் சுரங்கத்தை அடைத்துக் கட்டியது. அமிலம் அதை உள்பக்கமிருந்து தின்கிறது. எவ்வளவு தின்றது என்று அறிய சுவருக்குள் பத்துக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புதைத்திருக்கிறோம். அமிலம் தொட்ட கம்பி அறும், என் பலகையில் ஒரு விளக்கு அணையும். பி.எச். ஏழு என்றால் நல்ல தண்ணீர், இரண்டு என்றால் எலுமிச்சைச் சாறு. ஐந்தைத் தொட்டால் சுவர் பிழைக்கும். மூன்றுக்குக் கீழே இறங்கினால் ஒரு கம்பி மூன்று நாள் தாங்கும், அவ்வளவுதான்.

ஐந்து மாதத்தில் 2.4-இலிருந்து 3.9-க்கு ஏறியிருக்கிறோம். ஆறாவது கம்பி அறுந்து இரண்டு மாதம் ஆகிறது. ஏழாவது கம்பியின் விளக்கைத் தினமும் ஒரு தடவை துணியால் துடைக்கிறேன், அதற்கு எந்த அறிவியல் காரணமும் இல்லை.

நாள் 151. காலை 8.05
கஞ்சி 400 லிட்டர், பாகு 40 லிட்டர், தண்ணீருக்குள் செலுத்தியாயிற்று.

யாக்கோபு அண்ணனுக்கு இன்றும் அர்ச்சனை. மேலிருந்து குழாய் வழியாக எனக்குக் காற்று அனுப்பும் விசிறியின் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். கஞ்சி காய்ச்சுவதும் அவரே. காய்ச்சிய கஞ்சியைச் சீக்கிரம் ஆறவைக்கிறேன் பேர்வழி என்று அண்டாவிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து அண்டாவுக்கும் டீ ஆற்றுவதுபோல் ஆற்றியிருக்கிறார். ஆற்ற ஆற்ற அதில் காற்று கலக்கும். காற்று மூச்சடக்கிகளுக்கு விஷம் என்று இந்த ஐந்து மாதத்தில் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். போனில் அவர் சொன்ன பதில்:

"சுடச்சுட ஊத்தினா உன் பூச்சிங்க வாய் வெந்துடாதா மார்த்தா? பாவம்னு ஆத்தினேன். ஒரு ஜீவனுக்கு சோறு போடும்போது காத்து ஆவாதுன்னு சொல்றவ நீ ஒருத்திதான்."

இந்தக் காரணத்தால்தான் நான் உள்ளே இருக்கும் இரண்டு மணி நேரம் மட்டும் விசிறி ஓடுகிறது. நான் ஏறியதும் நிறுத்திக் காற்றுக் குழாயை மூடிவிடுவார்கள். எனக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றுப் புகாத இரும்புக் கதவு வேறு. அதுவரைக்கும் நாங்கள் புத்திசாலிகள்.

நாள் 152. காலை 10.40
மேல்கூரை இடிந்தது. ஏறும் வழி மூடிவிட்டது. கைக்கடிகாரம் உடைந்தது, கை உடையவில்லை; மணி பார்க்க அளவுப் பலகையின் கடிகாரம் இருக்கிறது. இடது முழங்காலில் ரத்தம், கட்டியாயிற்று. அறை நிற்கிறது. இரும்புக் கதவு பாறைக்கு அடியில் அப்பளமாகக் கிடக்கிறது.

காற்று வருகிறது. குழாய் தப்பியிருக்கிறது.

நாள் 152. மாலை 3.15
குழாய்க்குள் ஓடும் போன் கம்பியும் தப்பியிருக்கிறது. முதலில் என் மகள் யூனிஸ் பேசினாள். இருபத்தாறு வயது. என்னிடமே படித்து, என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுபவள். மேலே அளவுகளைப் பார்ப்பது அவள் வேலை.

"அம்மா, இருக்கியா? ஒரு வார்த்தை சொல்லு போதும். இங்க எல்லாரும் வந்துட்டாங்க. நாப்பது மீட்டர் கல்லு. எடுக்க ஆரம்பிச்சாச்சு. நீ கெடச்சத சாப்பிட்டுட்டு சும்மா உக்காந்திரு."

கிடைத்தது என்றால் மூச்சடக்கிகளின் கஞ்சி. ஒன்பது பீப்பாய் இருக்கிறது. உப்பில்லை. இத்தனை நாள் அவற்றுக்கு இதைப் போட்டுவிட்டு நான் பெருமை அடித்துக்கொண்டது தவறு.

நாள் 153. காலை 7.00
பி.எச். 3.8. அறுந்த கம்பி 6. ஆக்சிஜன் 20.8.

தசமத்தில் ஒரு புள்ளி இறங்கியிருக்கிறது. கருவியின் கோளாறு என்று நினைத்து மூன்று தடவை பார்த்தேன். கோளாறு இல்லை.

காரணம் எளிது, நேற்றே தோன்றியிருக்க வேண்டும். முன்பு காற்று என் அறைக்கு வந்து, ஏறும் வழியாகத் திரும்பிப் போகும். இப்போது அந்த வழி இல்லை. வந்த காற்று உடைந்த கதவைத் தாண்டி, தண்ணீர்மேல் முழுக்கத் தவழ்ந்து, அந்தப் பக்கத்தில் ஆள் நுழைய முடியாத பழைய குழிகளின் இடுக்கு வழியாக வெளியேறுகிறது. அதுவும் இரண்டு மணி நேரம் இல்லை, நாள் முழுக்க. என்னை உயிரோடு வைத்திருக்கும் காற்றுதான் பங்காளிகளுக்கு விருந்து வைக்கிறது.

கல் எடுப்பது ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் என்கிறார்கள். அப்படியானால் நாற்பது நாள். சுவருக்கு அத்தனை நாள் இல்லை.

நாள் 155. காலை 9.30
பி.எச். 3.5. அறுந்த கம்பி 6.

யூனிஸிடம் சொன்னேன். விசிறியைக் கால்வாசிக்குக் குறை, அது எனக்குப் போதும். அவளுக்கு இரண்டாவது வாக்கியமே தேவைப்படவில்லை, கணக்கு அவளுக்கும் தெரியும். யாக்கோபு அண்ணனைக் கேட்டு, பாதியாகக் குறைக்க வைத்தாள். விசிறியின் சத்தம் இறங்கியது. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி ஏறியது, அண்ணன் போனில் வந்தார்.

"மன்னிச்சுக்க மார்த்தா. சத்தம் கொறஞ்சதுமே கல்லு எடுக்கறவங்க எல்லாம் கையில இருந்தத கீழ போட்டுட்டு ஓடியாந்துட்டாங்க. ஃபேனு நின்னுடுச்சா, ஃபேனு நின்னுடுச்சான்னு. பொம்பளைங்க மாரடிச்சு அழுவுது. நான் எப்படிம்மா கொறைக்கறது? ஆள் உள்ள இருக்கசொல்ல கை வருமா எனக்கு?"

சுவரைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். வடிகால் வாய்க்கு முன்னால் இருக்கும் மைதானத்தில் பந்தல் போட்டிருக்கிறார்களாம். சமையல் அங்கே, படுக்கை அங்கே, என் குரல் கேட்பதற்கு ஸ்பீக்கரும் அங்கேதான். கீழ் லைன், மேல் லைன், தொழிலாளர் குடியிருப்பின் எந்த வரிசை வீட்டிலும் ஆள் இல்லையாம். சுவருக்கு எதிரே, எண்பது அடி தள்ளி, ஊரே உட்கார்ந்திருக்கிறது.

மலைமேல் ஏறச் சொன்னேன். சுரங்கத்துக்குள் ஆள் இருக்கும்போது ஊர் காலியாகாது என்றார். அந்தப் பதில் எனக்குப் புதிதில்லை.

நாள் 156. காலை 11.20
பி.எச். 3.3. ஏழாவது கம்பி அறுந்தது. துடைத்து வைத்த விளக்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

இதைக் கண்டெடுப்பவருக்கு, ஏன் ஒரு ஊரே ஒரு விசிறியிடம் இப்படி நடந்துகொள்கிறது என்று தோன்றலாம். பைத்தியக்காரர்கள் என்று எழுதிவிடாதீர்கள். எழுதுகிறேன், கேளுங்கள்.

அப்போது எனக்கு ஆறு வயது. எட்டாம் தளத்தில் பதினொரு பேர் மாட்டிக்கொண்டார்கள். என் அப்பா சூசை அதில் ஒருவர். ஏழாம் நாள், யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று சொல்லி நிர்வாகம் விசிறியை நிறுத்தியது. இருபதாம் நாள் உடல்களை எடுத்து இதே மைதானத்தில் வரிசையாகக் கிடத்தினார்கள். உள்ளே அப்பா உட்கார்ந்திருந்த இடத்துச் சுவரில் சாக்கட்டியால் நாளுக்கு ஒரு கோடு போட்டிருந்தாராம். பதினொரு கோடுகள் இருந்தன. ஏழோடு நின்றுபோன காற்றில் அவர் இன்னும் நான்கு நாள் இருந்திருக்கிறார்.

என் அம்மா ஊரிலிருந்த அத்தனை பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் விசிறிக் கூடத்தின் வாசலில் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் எழுதி வாங்கினார்கள்: உயிரோ உடலோ, ஆள் மேலே வரும்வரை விசிறி நிற்கக் கூடாது. நிர்வாகம் போன பிறகும் அது அப்படியே இருக்கிறது. எங்கள் ஊரில் குழந்தைகள் விளையாட்டுக்குக்கூட விசிறிச் சுவிட்சைத் தொடாது.

யாக்கோபு அண்ணனின் அப்பாவும் அந்தப் பதினொன்றில் ஒருவர். ஆக, என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது என் அம்மா வாங்கிக்கொடுத்த விதி. அதை மீறச் சொல்லி நான் யாரிடம் கேட்பது?

நாள் 158. மதியம் 1.00
பி.எச். 3.0. அறுந்த கம்பி 7.

தண்ணீர்மேல் கயிற்றில் விட்டிருக்கும் மிதவை கொண்டுவந்த நீர் மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்தேன். பங்காளிகள் கொண்டாட்டமாக இருக்கிறார்கள். மூச்சடக்கிகளைத் தேட வேண்டியிருக்கிறது. செத்துவிடவில்லை, அடியில் சேற்றுக்குள் ஒதுங்கிக் காத்திருக்கின்றன. இரண்டு நாள் காற்று நின்றால் எழுந்து வேலைக்கு வந்துவிடும். இவ்வளவு நல்ல பிள்ளைகளை வளர்த்துவிட்டு நானே கழுத்தை நெரிப்பதாக இருக்கிறது.

தண்ணீர் மறுபடி மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்டது.

காற்று நின்றால் எனக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டேன். அறை சின்னது, பங்காளிகள் வேறு பங்குக்கு வருவார்கள். நான்கு நாள், நீட்டி முழக்கினால் ஐந்து. பயமாக இருக்கிறது. அறிவியல் குறிப்பேட்டில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

நாள் 159. காலை 8.00
பி.எச். 2.9. எட்டாவது கம்பி அறுந்தது. மீதி இரண்டு. ஆறு நாள்.

காலையில் யூனிஸ் போனில் வந்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், ஸ்பீக்கரை அணைத்திருந்தாள் போல.

"எட்டு போயிருச்சும்மா. நானும் பார்த்தேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். பலகையத் தூக்கிட்டு வந்து காட்டினேன். சரி பாப்பா, மொதல்ல அம்மா வரட்டும்ங்கறாங்க. யாக்கோபு மாமா என்னைத் திட்டவே இல்ல. தலையத் தடவி விட்டுட்டுப் போறாரு. அதான் தாங்க முடியல."

நீ மட்டுமாவது மேலே போ என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

முடிவு: இனி போனை எடுக்கப் போவதில்லை. ஆள் போய்விட்டாள் என்று நினைக்கட்டும். அழுதுவிட்டு விசிறியை நிறுத்துவார்கள், கலைந்து போவார்கள். விதிக்கு விரோதம் என்று தெரியும். ஆனால் செத்தவளுக்காக யாராவது எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்?

நாள் 160. மாலை 5.30
போன் அறுபத்துமூன்று தடவை அடித்தது. எண்ணிக்கொண்டிருந்தேன், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

நாள் 161. காலை 10.00
பி.எச். 2.8. அறுந்த கம்பி 8. ஆக்சிஜன் 20.8. விசிறி ஓடுகிறது.

எடுக்காவிட்டாலும் அழைப்பவரின் குரல் இங்கே கேட்கும். விபத்துக்கென்று நான்தான் அப்படி அமைத்தேன். யாக்கோபு அண்ணன் பேசினார். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"மார்த்தா. நீ பேசாட்டி பரவால்ல. பேச முடியாம கெடக்கறியோ, இல்ல... சரி, அத நான் சொல்லல. நீ எப்படி இருந்தாலும் ஃபேனு ஓடும். எங்கப்பனுக்கு ஓடல, உங்கப்பனுக்கு ஓடல. உனக்கு ஓடும். டீசலு பக்கத்து ஊர்ல இருந்து பீப்பா பீப்பாயா வருது. உன்னை மேல கொண்டாந்து போடறவரைக்கும் நான் இந்த சுவிச்சு கிட்டதான் படுத்திருப்பேன். காத்து வருதாம்மா? வரும். வந்துனே இருக்கும்."

பிறகு மைதானத்தில் பாடினார்கள். அடக்கத்துக்குப் பாடும் பாட்டு இல்லை, நோயாளிக்குப் பாடுவது. அழுதேன். கோபத்தில் அழுதேனா என்று கேட்டால், ஆமாம், கோபமும் இருந்தது.

செத்தாலும் விசிறி நிற்காது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு இதை மறந்து இரண்டு நாளை வீணாக்கியிருக்கிறேன்.

நாள் 162. காலை 9.45
பி.எச். 2.7. ஒன்பதாவது கம்பி அறுந்தது. மீதி ஒன்று. மூன்று நாள்.

குழாயை அடைக்கிறேன். பீப்பாய்களுக்கு அடியில் போட்டிருந்த காலிச் சாக்கு பதினெட்டு, என் படுக்கை, கோட்டு. இடைவெளியில் எல்லாம் துருச்சேறு குழைத்துப் பூசினேன். பாதியில் காற்று இரண்டு தடவை பிய்த்து எறிந்தது. மூன்றாம் தடவை பீப்பாயின் இரும்பு மூடியை முட்டுக் கொடுத்தேன்.

நின்றது. பத்து நாளாகக் காதில் இருந்த இரைச்சல் நின்றதும், தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கிறது.

நாள் 163. காலை 8.00
பி.எச். 2.7. ஆக்சிஜன் 16.9.

இறங்கவில்லை. இறங்குவது நின்றிருக்கிறது. தலைவலி. படுத்தே எழுதுகிறேன். போன் கம்பியை மூடி அழுத்திக்கொண்டிருக்கும், சத்தமில்லை.

நாள் 164. காலை 8.20
2.8. ஆக்சிஜன் 13.5.

ஏறுகிறது! மிதவை மூன்று இடத்திலும் அதே. நுண்ணோக்கியில் பார்த்தேன், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, ஆனாலும் பார்த்தேன். மூச்சடக்கிகள் சேற்றிலிருந்து எழுந்து வந்துவிட்டன. கூட்டம் கூட்டமாக. நான் கொடுத்த கடைசிப் பீப்பாய்க் கஞ்சியைத் தின்கின்றன. ஆற்றாமல் கொடுத்தேன் யாக்கோபு அண்ணா.

பத்தாவது கம்பி நிற்க மூன்றைத் தாண்டினால் போதும். நாளை தாண்டும். மூன்றைத் தாண்டிவிட்டால் பிறகு நான் தேவையில்லை, அவை பார்த்துக்கொள்ளும். நாளை வரைக்கும் மட்டும்.

நாள் 165. காலை 7
3.0
ஆக் 11.2
விளக்கு எரிகிறது. பத்தாவது. எரிகிறது எரிகிறது. யூனிஸ், பாலில்லாமல் டீ குடிக்காதே, வயிறு புண்ணாகும்.

நாள் 165. காலை 11.25
மூடி பறந்து எதிர்ச்சுவரில் அடித்த சத்தத்தில் விழித்தேன். சாக்கெல்லாம் அறை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. காற்று புயலாக வருகிறது. இதுவரை இப்படி வந்ததில்லை. மூச்சு முட்ட முட்டக் குடித்தேன், உடம்பு என்னைக் கேட்காமல் குடித்தது.

போனில் யூனிஸ். விசிறிக் கூடத்திலிருந்து பேசுகிறாள்.

"அம்மா. காத்து வருதா? அவசரத்துக்குன்னு வச்சிருந்த ரெண்டாவது ஃபேனையும் போட்டுட்டேன். குழாய் அடைச்சிருக்குன்னு மீட்டர்ல தெரிஞ்சது. கல்லு சரிஞ்சிருக்கும்னு மாமா சொல்றாரு. கல்லு இல்ல, நீதான்னு எனக்குத் தெரியும். கல்லுக்கு இவ்ளோ பொறுமையா அடைக்கத் தெரியாது. அடைச்சிருக்கன்னா நீ உசுரோட இருக்க. அத நெனச்சு நான் ரெண்டு நாளா சந்தோஷமா இருந்தேம்மா, யார்கிட்டயும் சொல்லாம. அளவு எல்லாம் சுவர்ப் பக்கத்துக் கம்பி வழியா இங்கயும் வருது. மூணு ஆச்சுன்னு பார்த்தேன். இப்படியே விட்டா நீ ஜெயிச்சுடுவ. ஊரு பிழைக்கும். நீ இருக்க மாட்ட. கணக்கு எனக்கும் தெரியும்மா. தெரிஞ்சுதான் போட்டேன்."

யாக்கோபு அண்ணன் போட்டிருந்தால் திட்டியிருப்பேன். அறியாமல் செய்தார் என்று எழுதியிருப்பேன். இவளுக்கு அளவுகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

நாள் 165. காலை 11.40
பி.எச். 2.7. அரை மணி நேரத்தில் மூன்று நாள் வேலை போயிற்று. புயல் தண்ணீரை அடிவரை கலக்குகிறது, பங்காளிகள் ருசி கண்டுவிட்டார்கள்.

போனை எடுத்தேன். ஆறு நாளுக்குப் பிறகு என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சொன்னது இவ்வளவுதான்: நான் உயிரோடு இருக்கிறேன், சுவர் நிற்காது, மைதானத்தை விட்டு எல்லோரையும் மலைமேல் ஏற்று.

முதல் மூன்று வார்த்தைக்கு மேல் யாருக்கும் எதுவும் காதில் விழவில்லை. ஸ்பீக்கர் திறந்துதான் இருந்திருக்கிறது. கோயில் மணி அடிக்கிறார்கள். ஓடி வரும் சத்தம் கேட்கிறது, குழந்தைகள், பெண்கள், கல் எடுக்கிறவர்கள், எல்லோரும். "மார்த்தா பேசறா! மார்த்தா பேசறா!" யூனிஸ் அழுதுகொண்டே, "இரு, கீழ மைதானத்துக்கு வரேன், அங்க எல்லாரோடவும் பேசு" என்று சொல்லிவிட்டு விசிறிக் கூடத்துப் போனை வைத்துவிட்டாள்.

போகாதே என்று கத்தினேன். வைத்துவிட்டாள்.

கத்திக்கொண்டே இருக்கிறேன், இடது கையால் போன், வலது கையால் இது. மலையேறுங்கள், மலையேறுங்கள். ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் யாக்கோபு அண்ணன் குரல் கிட்டத்தில் கேட்டது. சுவிட்சை விட்டு அகலாதவர், என் முதல் வார்த்தைக்கே மைதானத்துக்கு இறங்கி ஓடியிருக்கிறார்.

"ஏய், சத்தம் போடாதீங்கடா, கொஞ்சம் சும்மா இருங்க, அவ இன்னாவோ சொல்றா"

நாள் 165. காலை 11.52
பத்தாவது விளக்கு.

நாள் 165. மாலை 4.00
முதலில் காலடியில் அதிர்வு தெரிந்தது. பிறகு தண்ணீர் இரைந்தது, நெடுநேரம். போனில் எதுவும் இல்லை. அடித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆக்சிஜன் 20.9. இவ்வளவு நல்ல காற்று இந்த அறையில் இதுவரை இருந்ததில்லை.

விசிறிக் கூடத்திலிருந்து மைதானத்துக்கு நடந்தால் பதினைந்து நிமிடம். அவள் போனை வைத்தது பதினொன்று நாற்பது. விளக்கு அணைந்தது ஐம்பத்திரண்டு. நடந்திருந்தால் மூன்று நிமிடம் மீதி இருக்கிறது. ஆனால் யூனிஸ் சந்தோஷமாக இருந்தால் நடக்க மாட்டாள், சின்ன வயதிலிருந்தே ஓடுவாள்.

நாள் 166. காலை 7.30
பி.எச். அளக்கத் தண்ணீர் இல்லை.

நான்காம் தளத்துக்குக் கீழே எல்லாம் வடிந்துவிட்டது. முப்பது வருடமாகத் தண்ணீருக்குள் இருந்த இரும்பு ஏணி தெரிகிறது, துரு பிடித்து, ஆனால் நிற்கிறது. அதன் அடியில் ஆறாம் தளம், அங்கிருந்து வடிகால் சுரங்கம். அதன் மறுமுனையிலிருந்து பகல் வெளிச்சம் ஏணியின் அடிவரை வருகிறது. கல் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. நடந்தே போகலாம்.

மூச்சடக்கிகளில் ஒரு குப்பியை மூடி எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. நோட்டை இங்கேயே விட்டுப் போகிறேன். கீழே எதைப் பார்த்தாலும் அதை எழுத மாட்டேன்.

இரண்டு விசிறிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. டீசல் நிறைய இருக்கிறது என்று அண்ணன் சொல்லியிருந்தார், இன்னும் பல நாள் ஓடும். உள்ளே இருந்த ஆள் மேலே வந்ததும் நிறுத்த வேண்டும் என்பது வழக்கம். நிறுத்துவதற்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நானே போய் நிறுத்துகிறேன்.